பத்துப் பேருக்கு ஒரே அச்சு: டேர்போ மனிபோல்டைக் கூட்டாகச் செய்விப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை பங்கு இறைச்சி வாங்கிப் பழகிய யாழ்ப்பாணத்தவருக்குக் கூட்டுக் கொள்வனவை அடியிலிருந்து விளக்கத் தேவையில்லை. எத்தனை பங்கு என்று முதலில் எண்ணுவார்கள். பங்கு தேறினால்தான் ஆடு அடிபடும். தேறாவிட்டால் அந்தக் கிழமை இல்லை. டேர்போ மனிபோல்டை, அதாவது என்ஜினின் புகையை டேர்போவுக்குக் கொண்டுபோகும் பாகத்தை, பத்துப் பேர் சேர்ந்து செய்விப்பதும் அடிப்படையில் இதுவே. வேறுபாடு ஒன்று உண்டு. மிஞ்சிய பங்கை அயல்வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். மிஞ்சிய மனிபோல்ட் வேறு எந்த என்ஜினுக்கும் பூட்டுப்படாது. அது பத்து வாகனத்திலும் மில்லிமீற்றர் கணக்கில் பொருந்தவும் வேண்டும். ஆகவே இந்த வேலையில் காசு சேர்ப்பது பாதிகூட இல்லை. முதலாவது துண்டு வண்டியில் பூட்டி ஓடிக் காட்டும்வரை மற்ற ஒன்பதுக்கும் இரும்பு வெட்டப்படக்கூடாது. கீழே வருவதெல்லாம் அதைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். டேர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் புகையை ஒன்றுசேர்த்து டேர்போவின் சூடான பக்கத்துச் சில்லுக்குள் விடுகிற குழாய்க் கைதான் இந்த மனிபோல்ட். டேர்போவைத் தாங்குவதும் அதுவே. தொழிற்சாலையிலேயே டேர்போவோடு வந்த என்ஜினில் இது வார்ப்பிரும்பில் இருக்கும். டேர்போ இல்லாமல் வந்த என்ஜினில் சாதாரண மனிபோல்ட்தான் இருக்கும். எங்கள் ஊரில் ஓடும் டொயோட்டா வான்களில் பலவற்றில் உள்ள 3எல் (2779 சி.சி.), 5எல் (2986 சி.சி.) என்ஜின்கள் இந்த இரண்டாவது வகை. அதே குடும்பத்து 2எல்-டி (2446 சி.சி.) சிடி20 டேர்போவோடு வந்தது.

அதனால் கூட்டம் சேர்க்க முன் ஒரு வேலை. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் உள்ள உதிரிப்பாகக் கடைகளில் பழைய 2எல்-டி மனிபோல்ட் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைத்தால் உங்கள் என்ஜினின் கஸ்கெட்டை (கசியாமல் இடையில் வைக்கும் தகட்டை) அதன் முகத்தில் வைத்து போர்ட்டும் (புகை வரும் வாயும்) ஸ்டட் (பூட்டும் திருகாணி) துளையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போய், வெடிப்பும் இல்லையென்றால் அதை வாங்குங்கள். கூட்டு முயற்சி தேவையில்லை. பழைய துண்டுகளில் போர்ட்டுகளுக்கு இடையிலும் டேர்போ பூட்டும் முகத்திலும் மயிர்க்கோடு போன்ற வெடிப்பு இருப்பது வழமை. சல்லடை போட்டுத் தேடியும் நல்லது கிடைக்காதவர்களுக்கும், வேறு டேர்போ பூட்ட விரும்புகிறவர்களுக்கும்தான் புதிதாகச் செய்விக்கும் பேச்சு.

ஏன் கூட்டாக?

செலவு இரண்டு வகை. ஒரு துண்டு செய்தாலும் நூறு செய்தாலும் மாறாதது ஒன்று: அளவெடுத்தல், வரைபடம், பிளாஞ்சை (பூட்டும் தட்டையான முகத் தகட்டை) லேசரில் வெட்டும் கோப்பு, ஒட்டும்போது எல்லாத் துண்டையும் ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் ஜிக், மாதிரித் துண்டு. மற்றது துண்டுக்குத் துண்டு வருவது: பைப், தகடு, ஆர்கன் வெல்டிங், முகம் சீவுதல்.

உதாரணக் கணக்கொன்று. மாறாச் செலவு 1,20,000 ரூபாய், துண்டுச் செலவு 55,000 ரூபாய் என்று வையுங்கள். தனி ஆளுக்கு 1,75,000. ஐந்து பேருக்கு ஆளுக்கு 79,000. பத்துப் பேருக்கு 67,000. இருபது பேருக்கு 61,000. ஐந்திலிருந்து பத்துக்குப் போகும்போது ஆளுக்கு 12,000 மிஞ்சுகிறது. பத்திலிருந்து இருபதுக்குப் போனால் 6,000 மட்டும்தான். அந்த ஆறாயிரத்துக்காக இன்னும் பத்துப் பேரைத் தேடி ஆறு மாதம் காத்திருந்தால், முதலில் வந்தவர்கள் வண்டியை விற்றுவிடுவார்கள், அல்லது பொறுமை இழப்பார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர்வரை போதும் என்பது எங்கள் முடிவு.

விலையை ஒரே எண்ணாகச் சொல்லவேண்டாம், படியாகச் சொல்லுங்கள்: ஏழு பேரென்றால் இவ்வளவு, பத்துப் பேரென்றால் இவ்வளவு, ஏழுக்குக் கீழே போனால் வேலை நின்று காசு திரும்பும் என்று. பத்துப் பேர் விலையை மட்டும் சொல்லித் தொடங்கி மூவர் விலகினால் மிச்ச ஏழு பேருக்கும் விலை 72,000ஐத் தாண்டும். அந்த ஐயாயிரத்தை யார் கொடுப்பது என்ற சண்டையில்தான் பெரும்பாலான கூட்டு முயற்சிகள் உடைகின்றன.

எதை மாறாமல் உறையவைப்பது

«எல்லாரிட்டையும் 3எல் தானே» என்பது போதாது. என்ஜின் ஒன்றாக இருந்தாலும் உடம்பு வேறு. ஹையேஸ் வானில் என்ஜின் முன் இருக்கைக்குக் கீழே ஒடுங்கிய பெட்டிக்குள் இருக்கிறது. ஹைலக்ஸில் முன் பொனெட்டுக்குள் இருக்கிறது. ஹைலக்ஸில் வசதியாக இருக்கும் டேர்போ ஹையேஸில் சசியில் முட்டும், அல்லது இருக்கைத் தகட்டை வேகவைக்கும். ஒரு கூட்டம் என்றால் ஒரு என்ஜின், ஒரு உடம்பு, ஒரு டேர்போ. இரண்டு வகை வண்டி வந்தால் அது இரண்டு கூட்டம். ஒன்றாக இழுத்துக்கொண்டு போகவேண்டாம்.

வரைபடத்தில் எழுதப்படவேண்டியவை இவை. ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) பக்கத்தில் போர்ட் மையங்களுக்கு இடையிலான தூரம், போர்ட்டின் வடிவம், ஸ்டட்டின் தடிப்பும் அதன் திருகுப்புரியும். இவற்றைப் பழைய மனிபோல்டிலிருந்து எடுக்கவேண்டாம். அது பல வருடச் சூட்டில் வளைந்திருக்கும். புதுக் கஸ்கெட்டிலிருந்து எடுத்து ஹெட்டில் சரிபாருங்கள். டேர்போ பக்கத்தில் பிளாஞ்ச் வகை: டி25, டி3, டி4, அல்லது சிடி20க்கே உரிய முகம். டி25உம் டி3உம் படத்தில் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வாயால் சொல்லி இணங்கினால் போதாது, அளவை மில்லிமீற்றரில் எழுதுங்கள். அடுத்து டேர்போ இருக்கும் உயரம், வெளித்தள்ளும் தூரம், சாய்வு.

சாய்வைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. டேர்போவுக்குள் போகும் எண்ணெய் தன் பாரத்தில் கீழே வழிந்து சம்பில் (என்ஜினின் அடி எண்ணெய்த் தொட்டியில்) விழவேண்டும். எண்ணெய் இறங்கும் வாய் செங்குத்திலிருந்து 35 பாகைக்கு மேல் சாய்ந்தால் எண்ணெய் தேங்கி, சீலைத் தாண்டிப் புகையாக வரும். ஆளும் «டேர்போ பழுது» என்று நல்ல டேர்போவைக் கழற்றுவார். அந்தச் சாய்வை நிச்சயிப்பது பெரும்பாலும் மனிபோல்டின் பிளாஞ்ச்தான்.

இன்னொன்று, சூட்டுமானிக்குத் துளை. இயல்பாக டேர்போ இல்லாத டீசல் என்ஜினுக்குக் காற்றையும் டீசலையும் கூட்டினால் புகைச்சூடு ஏறும். டேர்போவுக்கு முன்னாலேயே அதை அளக்கவேண்டும். பைப்புகள் கூட்டுச்சேரும் இடத்தில் எட்டில் ஒரு அங்குல என்.பி.டி. (பைப்புக்குரிய கூம்பு வகை) திருகுப்புரியோடு ஒரு துளையைத் தொடக்கத்திலேயே வரைபடத்தில் போடுங்கள். பிறகு துளைப்பதென்றால் இரும்புத் தூள் சில்லுக்குள் போகும் ஆபத்து உண்டு. டீசலில் நீண்ட நேர ஓட்டத்தில் 700 பாகை செல்சியசுக்குள் வைத்திருப்பது பாதுகாப்பு.

இவ்வளவும் ஒரு தாளில் எழுதப்பட்டு எல்லாரும் ஒப்பமிட்ட பிறகு மாற்றம் இல்லை. «எனக்கு மட்டும் அந்தப் பைப்பைக் கொஞ்சம் மேலே தூக்கி» என்ற ஒரு வேண்டுகோள் ஜிக்கையே வீணாக்கும். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், கேட்பது நியாயமாகவும் இருக்கலாம். பதில் ஒன்றுதான்: இந்தக் கூட்டத்தில் இல்லை.

இரும்பைத் தெரிவது

மூன்று வழி. முதலாவது, தடித்த ஸ்டீம் பைப் எல்போக்களை (வளைவுத் துண்டுகளை) ஒட்டிச் செய்வது. இரண்டாவது, 304 வகை ஸ்டெயின்லெஸ். மூன்றாவது, வார்ப்பு. வார்ப்புக்கு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ மாதிரி அச்சுச் செய்யவேண்டும். வார்த்த பிறகு கடைசலும் உண்டு. கோயம்புத்தூரில் இதற்கான வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் நிறைய, தமிழிலேயே கதைத்து முடிக்கலாம். ஆனால் பத்துத் துண்டுக்கு அச்சுச் செலவு தாங்காது. ஐம்பது, நூறு என்றால் யோசிக்கலாம்.

குறைந்த அழுத்தத்தில் ஓடும் டீசல் வானுக்கு முதல் வழியான ஸ்கெட்யூல் 40 (ஸ்கெட்யூல் என்பது பைப்புச் சுவரின் தடிப்பைக் காட்டும் எண்) கறுப்பு இரும்பு எல்போ போதும் என்றே சொல்வோம். விலை குறைவு, ஒட்டுவது இலகு, சூட்டில் நீள்வதும் குறைவு. கடற்காற்றில் துருப்பிடிக்கும், உண்மை. ஆனால் சுவர் மூன்றரை மில்லிமீற்றர் இருப்பதால் தாங்கும். பெற்றோல் டேர்போ என்றால் கதை வேறு. அதன் புகை 900 பாகையைத் தொடும். சாதாரண இரும்பு செதில் செதிலாக உரிந்து, அந்தச் செதில் சில்லின் இதழில் மோதும். அங்கே 304 ஸ்கெட்யூல் 10, இன்னும் வசதி இருந்தால் டைட்டேனியம் சேர்ந்த 321.

பைப் அளவில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்றரை அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் 38 மில்லிமீற்றர் அல்ல, 48.3 மில்லிமீற்றர். ஒன்றேகால் அங்குலத்துக்கு 42.2. பெயரை மட்டும் பார்த்து அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி பிளாஞ்சில் துளை வெட்டினால் பத்துப் பிளாஞ்சும் பழைய இரும்புக் கடைக்குத்தான். சுவர்த் தடிப்பு ஸ்கெட்யூல் 40இல் முறையே 3.68உம் 3.56உம், ஸ்கெட்யூல் 10இல் இரண்டுக்கும் 2.77. உள்விட்டம் போர்ட்டுக்கு அருகில் இருப்பதைத் தெரியுங்கள்.

பிளாஞ்ச் 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பு. இங்கேதான் அதிக மனிபோல்ட்கள் தோற்கின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 400 மில்லிமீற்றர் நீளமான பிளாஞ்ச் 300 பாகை சூடேறினால் 304 என்றால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளும், கறுப்பு இரும்பு என்றால் 1.5 மில்லிமீற்றர். தண்ணீர் ஓடும் ஹெட் அவ்வளவு நீளாது. எல்லாத் துளையும் ஸ்டட்டுக்கு இறுக்கமாக இருந்தால் நீள இடமில்லாத பிளாஞ்ச் வளையும், ஒட்டு வெடிக்கும், அல்லது ஓரத்து ஸ்டட் முறியும். அதனால் நடுத் துளைகள் மட்டும் இறுக்கமாகவும், ஓரத்துத் துளைகள் பெரிதாகவும் இருக்கவேண்டும். 8 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு நடுவில் 8.5, ஓரங்களில் 10. ஒட்டி முடிந்ததும் போர்ட்டுகளுக்கு இடையே பிளாஞ்சை வாளால் அறுத்துவிடுவதும் நல்ல வழி.

ஒட்டும் சூட்டில் பிளாஞ்ச் வாழைப்பழம்போல வளையும்; அதைத் தவிர்க்கமுடியாது. ஆகவே ஒட்டிய பிறகு முகத்தை மில்லிங் இயந்திரத்தில் சீவித்தரவேண்டும் என்பதை விலைக்குள்ளேயே எழுதுங்கள். நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய இதழ்களால்) பார்க்கும்போது 0.10 மில்லிமீற்றர் இதழ் எங்கும் நுழையக்கூடாது. ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னொரு நிபந்தனை: ஒட்டும்போது பைப்பின் உள்ளேயும் ஆர்கன் நிரப்பவேண்டும். நிரப்பாவிட்டால் உட்பக்கம் கருகிச் சீனிக்கட்டிபோலப் பொரிந்திருக்கும். அது உதிர்ந்து போவதும் டேர்போவுக்குள்தான். 304ஐ 304ஓடு ஒட்ட 308எல் கம்பி. ஸ்டெயின்லெஸ்ஸைக் கறுப்பு இரும்போடு ஒட்ட 309எல்.

மாதிரித் துண்டு

மாதிரியைக் குறைந்தது இரண்டு வண்டியில் பூட்டிப் பாருங்கள். ஒன்றில் பொருந்தி மற்றதில் முட்டுவது நடக்கும். ஒருவரின் என்ஜின் மவுண்ட் தேய்ந்து இறங்கியிருக்கலாம், இன்னொருவர் பின்னர் ஏசி பூட்டியிருக்கலாம். பூட்டும்போது ஒவ்வொரு நட்டையும் சொக்கட்டாலோ ரிங் ஸ்பானராலோ எட்டமுடிகிறதா என்று பாருங்கள். பைப் நட்டை மூடியிருந்தால் மேசையில் அழகான மனிபோல்ட், வண்டியில் பயனில்லை. டேர்போவின் பாரம் முழுவதும் பிளாஞ்சில் தொங்காமல், என்ஜின் புளொக்கில் பிடிக்கும் ஒரு தாங்கியும் வேண்டும். தாங்கி இல்லாத மனிபோல்ட் கூட்டுச்சேரும் இடத்தில் வெடிக்கும்.

பிறகு ஓட்டம். குடாநாட்டுக்குள் ஏற்றமும் இல்லை, நீண்ட ஓட்டமும் குறைவு. நல்லூரிலிருந்து சுன்னாகம் போய்வந்து «சரி, ஒழுகவில்லை» என்றால் அது சோதனை அல்ல. நன்றாகச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, பத்துத் தடவை செய்யுங்கள். பின்னர் ஆட்களோ பாரமோ ஏற்றி ஏ9 வீதியில் வவுனியாவரை போய்வாருங்கள். ஒரு பக்கம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். வந்ததும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்து, ஒட்டுகளில் வெடிப்புக் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளியுங்கள். கோடு விழுந்தால் வரைபடத்தைத் திருத்தி இரண்டாவது மாதிரி. அதற்கான செலவைத் தொடக்கக் கணக்கிலேயே வைத்திருக்கவேண்டும்.

காசு

காசு இரும்பின் பின்னால் நடக்கவேண்டும், முன்னால் அல்ல. மூன்று தவணை. முதல் தவணை, ஆளுக்கு வரும் மாறாச் செலவுப் பங்கு. மேலே சொன்ன கணக்கில் 12,000, இரண்டாவது மாதிரிக்கும் சேர்த்து 15,000 என்று வையுங்கள். வரைபடம் தொடங்கிய பிறகு, தன் இடத்துக்கு ஆள் தராவிட்டால், இது திரும்பாது என்பதைக் காசு வாங்க முன்னரே எழுத்தில் சொல்லவேண்டும். இரண்டாவது, மாதிரி ஓடிய படமும் அளவுகளும் எல்லாருக்கும் போன பிறகு துண்டு விலையில் பாதி. மூன்றாவது, எல்லாத் துண்டும் முடிந்து முகம் சீவிய பிறகு மீதி.

வைபர் குழுவில் கைதூக்குகிறவர்களை எண்ணாதீர்கள். முதல் தவணை கட்டியவர்களை எண்ணுங்கள். எங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கிறவரை நம்புவது அவரின் வீடு வாசல் தெரிந்திருப்பதால். இதில் ஆட்கள் சாவகச்சேரி, பருத்தித்துறை, கிளிநொச்சி என்று பரந்திருப்பார்கள். அதனால் இரண்டு பேர் ஒப்பமிட்டால்தான் காசு எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று திறவுங்கள். வரவும் செலவும் பற்றுச்சீட்டுப் படத்தோடு எல்லாரும் பார்க்கும் தாளில் இருக்கட்டும். முன்னின்று நடத்துபவர் அலைச்சலுக்கு ஒரு தொகை எடுப்பது தவறே இல்லை. அதை முதல் நாளே எண்ணாகச் சொன்னால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

விலகுபவருக்கு விதி: தன் இடத்துக்கு ஆள் பிடித்துத் தந்தால் முழுக் காசும் திரும்பும். ஆள் இல்லையென்றால் முதல் தவணை போகும், மற்றது திரும்பும். இரண்டாவது தவணையில் இரும்பு வாங்கிய பிறகு எதுவும் திரும்பாது, துண்டு அவருக்கே.

கடல் தாண்டிச் செய்வித்தால்

உள்ளூரிலோ கொழும்பிலோ முடியுமென்றால் அங்கேயே முடியுங்கள். மாதிரியைக் கையில் கொண்டுபோய் «இந்த இடம் முட்டுது» என்று காட்டக்கூடிய வசதி பெரிது. வெளிநாட்டில் என்றால் நாணய மாற்று ஆட்டத்துக்கு விலையில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்குங்கள், மிஞ்சினால் திருப்பிக் கொடுங்கள்.

விமானப் பொதிக்கு நிறையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடவேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதும் நிறையும் ஒப்பிடப்பட்டு, கூடியதற்கே காசு. 55, 35, 30 அளவுப் பெட்டி உள்ளே 7 கிலோ இரும்பு இருந்தாலும் 11.55 கிலோவாகத்தான் எண்ணப்படும். பத்துத் துண்டையும் ஒரே மரப்பெட்டியில் கப்பலில் கொழும்புக்கு எடுத்து, அங்கிருந்து லொறியில் ஏற்றுவது மலிவு.

சுங்கத்தில் பத்து ஒரே மாதிரித் துண்டைச் சொந்தப் பாவனை என்று சொல்வது சரிவராது. பதிவுள்ள இறக்குமதியாளர் ஒருவர் மூலம் உண்மைப் பெறுமதியைக் காட்டி எடுங்கள். எக்ஸோஸ்ட் மனிபோல்ட் என்ஜின் பாகமாக 8409 என்ற தலைப்பில் வருகிறது; சைலன்சரும் புகைக்குழாயும் 8708இல். தவறான தலைப்பில் போட்டால் தாமதமும் தண்டமும். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். மற்ற வரிகளைக் கிளியரிங் முகவரிடம் எழுத்தில் வாங்கி, அதன் பிறகே ஆளுக்கு விலை சொல்லுங்கள்.

பங்கிடும் நாள்

ஒவ்வொரு பிளாஞ்சிலும் எண் குத்துவியுங்கள். எல்லாத் துண்டையும் ஒரே நாளில், இரண்டு பேர் பார்க்க, நேர்விளிம்பாலும் புதுக் கஸ்கெட்டாலும் சோதித்து எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். யாருக்கு எந்த எண் என்பதைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தால் «நல்லதை அவருக்கு எடுத்து வைத்தார்கள்» என்ற கதை எழாது. மேலதிக மனிபோல்ட் செய்வதைவிட மேலதிகமாக இருபது கஸ்கெட்டும் ஒரு பெட்டி ஸ்டட்டும் நட்டும் எடுத்து வைப்பது பயன். முதலில் போவது அவைதான்.

உத்தரவாதத்தை ஒரு வரியில் எழுதி வாங்குங்கள்: எத்தனை மாதம், ஒட்டு வெடிப்புக்கு மட்டுமா, தாங்கி பூட்டாமல் ஓட்டியதற்கும் உண்டா, திருப்பி அனுப்பும் கூலி யாருடையது. தாங்கி இல்லாமல் வெடித்ததற்குச் செய்தவர் பொறுப்பேற்கமாட்டார், அது நியாயமும்கூட.

பூட்டிய பிறகு ஒவ்வொருவரும் தனியாகச் செய்யவேண்டியவையும் உண்டு. முதல் 500 கிலோமீற்றருக்குள் என்ஜின் ஆறிய நிலையில் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், டீசல் பம்பைக் கூட்டித் திருகிக் கறுப்புப் புகை கக்கும் வண்டி அங்கே தேறாது. டேர்போ பூட்டியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் விசாரித்து முறைப்படுத்துங்கள், காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவியுங்கள். ஹையேஸ்காரர்கள் இருக்கைக்குக் கீழே சூட்டுத் தகடு போடாமல் ஒரு நாளும் கொழும்புக்கு வெளிக்கிடவேண்டாம்.